சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எடைமேடையில் ராத்திரி வேலை.
லாரி வராத இடைவெளிகளில்
ஏழு மாதமாக
போனுக்குள் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பூசணி போட்டேன்.
பூசணி விற்று ஒரு கழுதை வாங்கினேன்.
ஆரம்பத்தில் அது பெயர் கேட்டபோது
அக்கா மகன் இசக்கித்துரை தட்டிக் கொடுத்தது
'புளியரைப் புலி'.
புலி, தூண்டிலோடு
கரையில் உட்கார்ந்திருந்தது.

அக்கரையில் ஒரு சிவப்புக் கோடு.
தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம்,
செத்தவன் பை கொன்றவனுக்கு.
கோடு எனக்கொன்றும் புதிதில்லை.
பன்னிரண்டு டன் என்று சீட்டு வாங்கி
பதினெட்டு டன் எம்-சாண்டோடு
கோட்டைவாசல் ஏறுகிறவர்களை
தினமும்தான் பார்க்கிறேன்.

முதல் நாள் நாலு விநாடி.
எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை.
கழுதை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
மறுநாள் ஒரு புதரில் ஒளிந்தேன்.
எனக்கு முன்பே அதில் ஒருவன் இருந்தான்.

இன்னொரு நாள், நிஜமாகவே, வாளை ஓங்கிவிட்டேன்.
அந்த நேரம் பார்த்து
போன் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்தது.
கேரளம் உங்களை வரவேற்கிறது.
ஓங்கிய கை ஓங்கியபடி நான் உறைந்து நிற்க,
எதிரி இரண்டு குத்து குத்திவிட்டு
சிலையோ என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.
அப்புறம் மூன்றாவது.
அப்புறம் என் பிணத்தருகே வந்து
உட்கார்ந்து எழுந்தான். உட்கார்ந்து எழுந்தான்.
தோப்புக்கரணம் போடுகிறான்,
பாவம், மனசு உறுத்துகிறதாக்கும் என்று நினைத்தேன்.
இசக்கித்துரை விழுந்து விழுந்து சிரித்தான்:
"மாமா, அது கேவலப்படுத்துறது!"

ஆனி கடைசி. சாரல்.
தகரக் கூரையில் அவல் இடிக்கிற சத்தம்.
இடிந்த சுவருக்குப் பின்னால்
கால் உயிரோடு பதுங்கியிருந்தேன்.
ஒருவன் வந்தான்.
நேராக என்னைப் பார்த்தான்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன், இங்கே, நாற்காலியில்.

"சேட்டா, பேடிக்கண்டா."
உடைகிற வயதுக் குரல்.
மருந்துக் குப்பியைத் தரையில் வைத்தான்.
"எடுத்தோ. என்டெ பின்னாலெ வா."
வாளை உறையில் போட்டுத் திரும்பி
கோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

கோபமில்லை. பழைய கணக்குமில்லை.
ஏழு மாதத்தில் முதல் தடவையாக
ஒருவன் முதுகு எனக்குத் தெரிந்தது.
அவ்வளவுதான்.

மருந்தைக் குடித்துவிட்டுத்தான் குத்தினேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

'முதல் வேட்டை!' என்று
திரையெல்லாம் பொன் காகிதம் பறந்தது.
அவன் மைக் திறந்தே இருந்தது.
பேச்சில்லை.
மழை பெய்கிற சத்தம் மட்டும்.
அவன் வீட்டிலும் தகரம்தான் போல.

ஏதாவது சொல்ல வேண்டும்.
என் மைக்கை எப்படித் திறப்பதென்று எனக்குத் தெரியாது.
தெரிந்த ஒன்றைச் செய்தேன்.
அவன் பக்கத்தில் போய்
உட்கார்ந்து எழுந்தேன்,
உட்கார்ந்து எழுந்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மனசுக்குள் எண்ணிக்கொண்டே.
ஐந்தாவதில்தான் நினைவு வந்தது
அந்த நாட்டில் அதற்கு என்ன அர்த்தமென்று.

மழைச் சத்தம் நின்றது. அவன் பக்கம் மட்டும்.

பையைத் திறந்தால்
பத்து அம்பு, பாதி ரொட்டி,
ஒரு கெளுத்தி.
நான் உட்காருகிற அதே கரையில்
பிடித்ததாகத்தான் இருக்கும்.
அங்கே வேறெங்கும் கெளுத்தி கிடையாது.

ஹாரன்.
புனலூர் போகிற டாரஸ் மேடையில் ஏறி நின்றது.
பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது.
"பன்னெண்டுன்னு போடுங்க அண்ணாச்சி"
என்று ஐம்பது ரூபாயை நீட்டிவிட்டு
டிரைவர் டீக்கடைப் பக்கம் திரும்பி நடந்தார்.
நனைந்த சட்டை
முதுகோடு ஒட்டியிருந்தது.

கெளுத்தி இன்னும் என் பையில்தான் இருக்கிறது.
விற்கவில்லை. சுடவில்லை.
ஓரிடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.
அந்த விளையாட்டில்
மீன் அழுகுவதில்லை.